வராத பாக்கியை என்ன செய்வது? கடைக் கணக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பி.காம் முடித்துவிட்டு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடையில் கணக்கு எழுதச் சேர்ந்திருக்கிறீர்கள். பில் போடுவது, வங்கிக் கணக்கை ஒத்துப் பார்ப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. மார்ச் நெருங்கும்போது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து "கடனாளிகள் லிஸ்ட் அனுப்புங்க" என்று போன் வருகிறது. கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள், அதில் பாதி பேர் யாரென்றே தெரியவில்லை, சிலருக்கு எதிரே மூன்று வருடமாக ஒரே தொகை அசையாமல் நிற்கிறது. முதலாளியிடம் கேட்டால் "அது கெடக்கட்டும்டே, தருவான்" என்கிறார். அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கெடக்கட்டும் என்று விட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். பில் போட்ட அன்றே அந்தத் தொகை விற்பனையாகக் கணக்கில் ஏறிவிட்டது, அந்த மாத ஜிஎஸ்டியும் கட்டியாயிற்று, வருட முடிவில் அது லாபத்தில் சேர்ந்து அதற்கு வருமான வரியும் போய்விட்டது. கைக்கு வராத காசுக்கு இரண்டு வரி கட்டிவிட்டு, அதை இன்னும் சொத்து என்று இருப்புநிலைக் குறிப்பில் காட்டிக்கொண்டிருக்கிறோம். வங்கியில் ஓடி (ஓவர் டிராஃப்ட் கடன்) வைத்திருக்கும் கடைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலான வங்கிகள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆக, பழைய பாக்கி பேரேட்டில் கிடப்பதால் யாருக்கும் ஒரு பைசா லாபமில்லை.

முதலாளிகள் தயங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. வாராக்கடன் என்று எழுதிவிட்டால் அந்த ஆளை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும், நாளைக்குப் போய்க் கேட்க முடியாது என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. எழுதித் தள்ளுவது நம் புத்தகத்துக்குள் நடக்கிற காரியம். வாங்கியவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, அவர் தர வேண்டிய கடனும் போவதில்லை, கேட்கிற உரிமையும் போவதில்லை. இதை முதலாளிக்கு முதலில் புரியவைத்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் சுலபம்.

பில் வாரியாகப் பட்டியல் எடுங்கள்

டேலியில் பெயரும் மொத்தத் தொகையும் மட்டும் உள்ள பட்டியல் இதற்கு உதவாது. எந்தத் தேதி பில், எவ்வளவு நிற்கிறது என்று பில் வாரியாக வேண்டும். அவுட்ஸ்டாண்டிங் ரிப்போர்ட்டில் அது கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு ரசீதையும் எந்தப் பில்லுக்கு எதிராக வந்தது என்று காட்டி வரவு வைத்திருந்தால்தான் அது சரியாக வரும். "ஆன் அக்கவுண்ட்" என்று போட்டுவிட்டுப் போயிருந்தால், 2022 பில் பாக்கி நிற்பதாகவும் அதே ஆள் போன வாரம் கொடுத்த பணம் தனியாகத் தொங்குவதாகவும் காட்டும். அப்படி நிற்கும் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பில்லோடு சேர்ப்பதற்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சேர்த்து முடித்த பிறகு, பாக்கி மாதிரி தெரிந்தாலும் உண்மையில் பாக்கியே இல்லாதவற்றைக் களைய வேண்டும். நம் ஊர்க் கடைகளில் வாராக்கடன் என்று ஓரமாகத் தள்ளப்படுவதில் கணிசமான பங்கு இந்த வகைதான் என்பது என் அபிப்பிராயம்.

சில உதாரணம் சொல்கிறேன். குலசேகரம் பக்கம் ஒரு கடை, ரப்பர் விவசாயிகளுக்கு உரம், பால் உறைய வைக்கிற ஆசிட், மழைக்காலத்தில் மரத்தில் கட்டும் பிளாஸ்டிக் எல்லாம் கடனுக்குக் கொடுக்கிறது, அதே ஆட்களிடம் ஷீட்டும் வாங்குகிறது என்று வையுங்கள். உரம் கொடுத்தது கடனாளி கணக்கில் ஒரு பெயரில் நிற்கும், ஷீட் வாங்கியது கடனீந்தோர் கணக்கில் அதே பெயரில் அல்லது அவர் மனைவி பெயரில் நிற்கும். ஒன்றுக்கொன்று கழித்தால் பாக்கி ஒன்றுமிருக்காது. ஒரே ஆளாக இருந்தால் ஒரு குறிப்பேட்டுப் பதிவு போட்டு நேர் செய்துவிடலாம். மனைவி பெயரில் இருந்தால் இருவரிடமும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று டிடிஎஸ். பிரிண்டிங் பிரஸ், வேன் ஓட்டுபவர்கள், ஒப்பந்த வேலை செய்பவர்கள் கணக்கில் பார்த்தால், பில் தொகையில் சரியாக 1% அல்லது 2% மட்டும் பாக்கி நிற்கும். அது பணம் தராமல் ஏமாற்றியது அல்ல, வரியாகப் பிடித்து நம் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்கள். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஊராட்சி ஒன்றியம் மாதிரி அரசு இடங்களுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் சப்ளை செய்திருந்தால், ஜிஎஸ்டியிலும் தனியாக 2% பிடிப்பார்கள், அது ஜிஎஸ்டி போர்ட்டலில் நம் கேஷ் லெட்ஜருக்கு வரும், நாம் அங்கே போய் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை வாராக்கடன் என்று எழுதித் தள்ளினால் சொந்தப் பணத்தை நாமே தூக்கி எறிந்தது போல.

இவை போக, திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட் போடாதது, வாயால் சொன்ன தள்ளுபடியை எழுதாதது, ஒரே ஆளுக்கு இரண்டு லெட்ஜர் இருப்பது, கடைப் பையன் வாங்கி வந்த ஜிபே பணம் முதலாளியின் சொந்தக் கணக்குக்குப் போனது, இப்படி நிறைய வரும்.

பாக்கியின் வயதைப் பாருங்கள், ஊர்க் காலண்டரோடு

மிச்சம் நிற்கும் பாக்கியை வயது வாரியாகப் பிரியுங்கள். 90 நாள் வரை, 91 முதல் 180, 181 முதல் 365, ஒரு வருடத்துக்கு மேல், இந்த நான்கு போதும். பழசாக ஆக ஆக வருவது குறையும் என்பதுதான் இதன் அடிப்படை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்தால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தவறு வரும், ஏனென்றால் இங்கே பணம் புரளும் காலம் தொழிலுக்குத் தொழில் வேறு.

மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரை, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நேரத்தில்தான் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், வலை சீர் செய்வார்கள், அதாவது கடையில் கடன் ஏறுவதும் அப்போதுதான். ஜூலையில் போட்ட பில் செப்டம்பர் கடைசியில் நிற்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மார்ச் 31-ல் உட்கார்ந்து பார்க்கிறீர்கள், குளச்சல் படகுக்காரர் ஆகஸ்டிலிருந்து எட்டு மாதம் கடலுக்குப் போய் வந்திருக்கிறார், புதுச் சரக்குக்கு ரொக்கமும் கொடுத்திருக்கிறார், அந்தப் பழைய ஜூலை பில்லை மட்டும் தொடவே இல்லை என்றால் தடைக்காலத்தைச் சாக்கு சொல்ல முடியாது. ஒன்று, அந்தப் பில்லில் ஏதோ தகராறு இருக்கிறது, இல்லை அவர் அதைத் தருவதாக இல்லை. போய் விசாரியுங்கள்.

ரப்பர்க்காரர்கள் கதை நேர்மாறு. மழையில் பால்வெட்டு தடைப்படும், பிறகு ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிரும்போது வெட்டை நிறுத்திவிடுவார்கள். அதனால் மார்ச் 31-ல் அவர்கள் பாக்கி கொஞ்சம் அதிகமாகத் தெரிவது சகஜம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நெல் விவசாயி என்றால் கும்பப்பூ அறுவடை முடிகிற நேரம், இப்போது கேட்டால் கிடைக்கும். வீடு கட்டுகிறவர்களில் கல்ஃப் பணத்தை நம்பிக் கட்டுபவர்கள் அனேகம், அங்கே வேலை போய்விட்டால் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுவிடும், நம் சிமெண்ட் பாக்கியும் கூடவே நிற்கும். அந்த வீடு இருக்கிற தெரு வழியாக ஒருமுறை போய்ப் பார்த்தால் பேரேட்டில் தெரியாதது தெரியும்.

ஒப்புதல் கடிதமும் மூன்று வருடக் கெடுவும்

பொருள் விற்ற பாக்கிக்கு நீதிமன்றம் போகக் காலவரம்பு 3 வருடம். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, தவணை எதுவும் பேசாமல் கொடுத்திருந்தால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், இத்தனை நாள் கடன் என்று பேசியிருந்தால் அந்தக் கெடு முடிந்த நாளிலிருந்தும் எண்ண வேண்டும். அந்த 3 வருடம் முடிவதற்குள் அவர் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து மறுபடி 3 வருடம் ஓடும். கெடு முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதலுக்கு இந்தப் பலன் இல்லை, அதனால்தான் வருடாவருடம் ஏப்ரலில் இதை ஒரு வேலையாகவே செய்யச் சொல்கிறேன்.

பெரிய வக்கீல் மொழியெல்லாம் வேண்டாம். கடை லெட்டர்பேடில் இப்படி அடித்தால் போதும்: "எங்கள் கணக்கின்படி 31.03.2025 அன்று நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய நிலுவை ரூ.47,200. உங்கள் கணக்கிலும் இது சரியாக இருந்தால் கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டு அனுப்பவும். வேறுபாடு இருந்தால் உங்கள் கணக்கு நகலை அனுப்பவும்." கீழே "மேற்படி நிலுவை சரி" என்று ஒரு வரி, கையெழுத்து, தேதி, கடை சீல். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். நம் ஊரில் கையெழுத்துக் கேட்டால் "என்ன, எங்கமேல நம்பிக்க இல்லியா?" என்று முகம் சுளிப்பார்கள். ஆடிட்டர் கேட்கிறார், எல்லா வாடிக்கையாளரிடமும் வாங்குகிறோம் என்று சொல்லுங்கள். பழி ஆடிட்டர்மேல் போகட்டும், அதற்கும் சேர்த்துத்தான் அவருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம்.

இந்தக் கடிதத்தால் இன்னொரு பலன், யார் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று தெரிந்துவிடும். தபாலில் போட்டது "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வையுங்கள், பின்னால் உதவும்.

எதை வாராக்கடன் என்று முடிவு செய்வது

இங்கே இரண்டு வகையைக் குழப்பாமல் பிரித்துக்கொள்ளுங்கள். இன்னாருடைய இந்தப் பில் வராது என்று பெயர் சொல்லி முடிவு செய்தது வாராக்கடன். யாருடையது என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த மொத்தத்தில் கொஞ்சம் வராமல் போகும் என்று அனுபவத்தில் மதிப்பிட்டு ஒதுக்கி வைப்பது வாரா ஐயக்கடன் ஒதுக்கு. முன்னதில் கடனாளியின் லெட்ஜரையே முடித்துவிடுகிறோம். பின்னதில் யார் லெட்ஜரையும் தொடுவதில்லை.

பெயர் சொல்லி எழுதுவதற்குக் காரணம் வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனவர், சொத்தில்லாமல் இறந்தவர், வழக்கு போட்டாலும் செலவுக்குக் கட்டாத சின்னத் தொகை, கெடு தாண்டியும் ஒப்புதல் இல்லாதது, இப்படி. இறந்தவர் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு. துக்க வீட்டில் போய்ப் பில்லை நீட்டச் சொல்லவில்லை, ஆனால் கணக்கு எழுதுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

யார் முடிவு செய்வது என்பது அதைவிட முக்கியம். வசூலுக்குப் போகிறவரும், ரசீது எழுதுகிறவரும், வாராக்கடன் பட்டியல் போடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கருங்கலில் ஒரு கடைக்காரரிடம் 15,000 ரூபாய் ரொக்கமாக வாங்குகிறார், அதைக் கடையில் கட்டவில்லை, ஒரு வருடம் கழித்து "அந்த ஆளு தரமாட்டான் அண்ணாச்சி" என்று பட்டியலில் சேர்க்கிறார், முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்கிறார். எழுதித் தள்ளியதும் லெட்ஜர் பூஜ்யம், இனி யாரும் அந்தப் பெயரைத் திறந்து பார்க்கப்போவதில்லை. திருட்டை மறைக்க இதைவிட வசதியான இடம் கணக்கில் கிடையாது. ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் வசூலுக்குப் போகாத ஒருவர், முடிந்தால் முதலாளியே, ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். பட்டியலின் கீழே முதலாளியின் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் ஒரு பதிவும் போடாதீர்கள். இது உங்களைக் காப்பாற்றுவதற்கும் சேர்த்துத்தான்.

பதிவு போடுவது

கணக்கோடு பார்த்தால் புரியும். ஒரு ஹார்டுவேர் கடை, மார்ச் 31-ல் கடனாளிகள் மொத்தம் ரூ.12,47,200. இதில் ஒரு காண்ட்ராக்டர் பாக்கி ரூ.47,200 வராது என்று முடிவாகிவிட்டது. அந்தப் பில் 40,000 ரூபாய் சரக்கு, 18% ஜிஎஸ்டி 7,200. போன வருடம் ஒதுக்கி வைத்த வாரா ஐயக்கடன் ஒதுக்கு ரூ.55,000 புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் வாராக்கடனை எழுதுங்கள். டேலியில் மறைமுகச் செலவுகளின் கீழ் "வாராக்கடன்" என்று ஒரு லெட்ஜர், "வாராக்கடன் – ஜிஎஸ்டி பங்கு" என்று இன்னொன்று திறந்துகொள்ளுங்கள். எஃப்7 அழுத்தி ஜர்னல்:

வாராக்கடன் க/கு – பற்று ரூ.40,000
வாராக்கடன் – ஜிஎஸ்டி பங்கு க/கு – பற்று ரூ.7,200
காண்ட்ராக்டர் க/கு – வரவு ரூ.47,200

விவரம் எழுதும் இடத்தில் பில் எண், தேதி, ஏன் வராது, முதலாளி ஒப்புதல் தந்த தேதி, எல்லாம் எழுதுங்கள். "வாராக்கடன் எழுதியது" என்று மொட்டையாக விடாதீர்கள்.

மிச்சம் ரூ.12,00,000. இதன் வயதுப் பிரிவு: 90 நாள் வரை 8,00,000, அடுத்தது 2,40,000, அதற்கடுத்து 1,00,000, ஒரு வருடம் தாண்டியது 60,000. கடையின் பழைய அனுபவத்தை வைத்து 1%, 5%, 20%, 50% என்று எடுக்கிறோம் என்றால் 8,000 + 12,000 + 20,000 + 30,000, மொத்தம் ரூ.70,000 ஒதுக்கு வேண்டும். இந்தச் சதவீதங்கள் எந்தச் சட்டத்திலும் இல்லை, உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்கள் கடையில் போன நாலைந்து வருடத்தில் எந்த வயதுப் பாக்கியில் எவ்வளவு வராமல் போனது என்று பார்த்துப் போடுங்கள். புதுக்கடை என்றால் குத்துமதிப்பாகத்தான் ஆரம்பிக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஏற்கனவே 55,000 இருப்பதால் கூடுதலாக வேண்டியது 15,000 மட்டும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள், முழு 70,000-ஐயும் மறுபடி செலவில் போட்டுவிடுவார்கள்.

இலாப நட்டக் க/கு – பற்று ரூ.15,000
வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு – வரவு ரூ.15,000

ஆக இந்த வருட இலாப நட்டக் கணக்குக்குப் போவது 47,200 + 15,000 = ரூ.62,200. பள்ளியில் படித்த சூத்திரமும் இதேதான், வாராக்கடனைக் கூட்டிப் புது ஒதுக்கைக் கூட்டிப் பழைய ஒதுக்கைக் கழிப்பது. இருப்புநிலைக் குறிப்பில் 12,00,000-லிருந்து 70,000 கழித்து ரூ.11,30,000 என்று காட்டுவோம். தேவைப்படும் ஒதுக்கு பழையதைவிடக் குறைந்தால், குறைந்த தொகையை இதே பதிவைத் திருப்பிப் போட்டு வருமானத்தில் சேருங்கள்.

வருமான வரியில் எவ்வளவு செல்லும்

பாதிப் பேர் எதிர்பார்க்காத விஷயங்கள் இங்கே இருக்கின்றன. பிரிவு எண்களை 1961 சட்டப்படி சொல்கிறேன், ஆடிட்டர்கள் அந்த எண்ணில்தான் பேசிப் பழகியிருக்கிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறிவிட்டன, அதனால் படிவத்தில் எழுதும்போது புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

36(1) பிரிவின் ஏழாவது உட்பிரிவுப்படி, அந்த வருடப் புத்தகத்தில் வராது என்று எழுதித் தள்ளிய கடன் கழிவாகச் செல்லும். உண்மையிலேயே வராது என்று அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் 1989 ஏப்ரலோடு போய்விட்டது. புத்தகத்தில் எழுதித் தள்ளியிருந்தால் போதும் என்று 2010-ல் டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியென்றால் திரும்பி வந்த தபால் உறை, ஒப்புதல் கடிதம் எல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பொய்யாக எழுதவில்லை, அப்படி ஒரு விற்பனை நடந்தது, கேட்டும் வரவில்லை என்று காட்ட அது நம் கையில் இருப்பது நல்லது, ஆடிட்டரும் கேட்பார்.

ஒதுக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. மேலே பார்த்த 15,000 ரூபாயைச் செலவில் போட்டிருந்தாலும் வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கூட்டிவிடுவார்கள். வங்கி மாதிரி நிறுவனங்களுக்கு மட்டும் தனி விதி இருக்கிறது, கடைக்கு இல்லை.

அடுத்தது, அந்தக் கடன் முன்பு நம் வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும். முதலாளி நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த இரண்டு லட்சம் திரும்பவில்லை என்றால், வருத்தமான விஷயம்தான், ஆனால் வாராக்கடனாகச் செல்லாது. சரக்குக்கு அட்வான்ஸ் கொடுத்து அந்த வியாபாரி கம்பி நீட்டிவிட்டால் அதுவும் இந்த வகையில் வராது, தொழில் நட்டமாகக் கேட்க முடியுமா என்று ஆடிட்டர் பார்ப்பார். அந்த 7,200 ஜிஎஸ்டியைத் தனி லெட்ஜரில் போடச் சொன்னதும் இதற்காகத்தான். விற்பனை வருமானமாக ஏறியது 40,000 மட்டும், வரிப் பங்கு ஏறவில்லையே என்ற கேள்வி வரலாம். தனியாக இருந்தால் ஆடிட்டர் எப்படிக் காட்டுவது என்று முடிவு செய்துகொள்வார்.

கடை 44ஏடி பிரிவில், விற்பனையில் 8% அல்லது 6% லாபம் என்று உத்தேசமாகக் காட்டுகிற கடையா? அப்படியானால் எவ்வளவு வாராக்கடன் இருந்தாலும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாச் செலவும் அந்தச் சதவீதத்துக்குள் அடங்கிவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. சின்னக் கடைகள் நிறைய இப்படித்தான் காட்டுகின்றன, அங்கே போய் வரி மிச்சம் ஆகும் என்று முதலாளிக்கு ஆசை காட்டிவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி திரும்ப வராது

இதைக் கேட்டால் எல்லா முதலாளிக்கும் கோபம் வரும், எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. வாங்கியவர் பணம் தரவில்லை என்ற காரணத்துக்காக நாம் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழி இல்லை. கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவு அனுமதிப்பது சரக்கு திரும்பி வந்தால், குறைபாடு இருந்தால், பில்லில் விலையோ வரியோ கூடிப்போயிருந்தால் மட்டும். பணம் வராதது அந்தப் பட்டியலில் இல்லை. விற்காத சரக்கை அவர் திருப்பிக் கொடுத்தால் தாராளமாகப் போடலாம், அதற்கும் அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் கெடு.

ஆனால் ஒரு பிடி இருக்கிறது. வாங்கியவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், நம் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (ஐடிசி) எடுத்திருக்கிறார் என்றால், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த வரியை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நமக்கு அதனால் நேரடியாக ஒரு ரூபாயும் வராது, இருந்தாலும் 150-வது நாள் வாக்கில் "அண்ணே, 180 நாள் ஆகப்போகுது, உங்க ஐடிசி போயிடும், அதுக்கு முன்ன செட்டில் பண்ணுங்க" என்று ஒரு மரியாதையான மெசேஜ் அனுப்பினால் பலருக்கும் உறைக்கும்.

எழுதிய பிறகும் கேளுங்கள்

எழுதித் தள்ளிய பெயர்களுக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள், லெட்ஜர் பூஜ்யமானதும் டேலி இவர்களை ஞாபகப்படுத்தாது. பெயர், பில், தொகை, எழுதிய வருடம், 3 வருடக் கெடு முடியும் தேதி. கவுண்டரில் பில் போடுபவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். இல்லாவிட்டால் அதே ஆள் மறுபடி கடைக்கு வந்து புதுப் பற்று ஆரம்பித்துவிட்டுப் போவார்.

செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் நாள் கணக்கு மிக முக்கியம். வங்கியிலிருந்து திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ், அவர் நோட்டீஸ் பெற்றபின் 15 நாள் அவகாசம், அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் சரக்குக் கொடுக்கிற கடைகள் கேரளாவில் போய் வழக்கு நடத்தணுமே என்று பயப்படுவதுண்டு. நம் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பிய செக் என்றால், நம் கணக்கு உள்ள வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், செக் வழக்குகளுக்கான சட்டத்தில் வந்த 2015 திருத்தம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

நீங்கள் வேலை பார்ப்பது கடையாக இல்லாமல் கயிறு ஆலையோ வலைக் கம்பெனியோ பிரஸ்ஸோ என்றால், உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் துணை இருக்கிறது. ஒப்புக்கொண்ட கெடுவுக்குள், எப்படியானாலும் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கான அரசு போர்ட்டலில் புகார் கொடுக்கலாம். வாங்கி விற்கும் கடைகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பலன் பொருந்தாது, அவர்களுக்கு அந்தப் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான்.

எழுதித் தள்ளிய பிறகு பணம் வந்தால் பதிவு எளிது. அந்தக் காண்ட்ராக்டர் இரண்டு வருடம் கழித்து 20,000 அனுப்புகிறார் என்று வையுங்கள்:

வங்கிக் க/கு – பற்று ரூ.20,000
வாராக்கடன் வசூல் க/கு – வரவு ரூ.20,000

அவர் லெட்ஜரில் நேராக வரவு வைத்தால் நாம் அவருக்குத் தர வேண்டியதாகக் காட்டும், அதைச் செய்யாதீர்கள். முன்பு கழிவாகப் பெற்ற தொகை என்பதால், வந்த வருடத்தில் அது வருமானமாகி வரி கட்ட வேண்டும், 41(4) பிரிவு. இவ்வளவு போதும், மிச்சத்தை விட்டுவிடுகிறேன் என்று முதலாளி சொன்னால் மட்டும் "முழுப் பைசல்" என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் எழுதுங்கள். அப்படிச் சொல்லாதவரை ரசீதில் "பழைய பாக்கியில் ஒரு பகுதி" என்றே எழுதுங்கள், கெடு இன்னும் முடியாமல் இருந்தால் அவரிடமும் அதன் கீழே ஒரு கையெழுத்து வாங்குங்கள், காலவரம்பு அங்கிருந்து புதிதாக ஓடும்.

பெரிய பாக்கி ரொக்கமாக வந்தால் முதலாளி சந்தோஷத்தில் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார். ஒரே பில்லுக்கு மொத்தம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவு தடுக்கிறது, நாலு நாளாகப் பிரித்து வாங்கினாலும் பில் ஒன்றுதான், அபராதம் அந்த ரொக்கத் தொகைக்குச் சமமாக, பணத்தைப் பெற்ற நமக்கே வரும். வங்கி வழியாகப் போடச் சொல்லுங்கள்.